கிட்னி அமைதியாக இருக்கிறது என்றால் அது மாத்திரையின் வேலை

தாராவியிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். பெயரும் தெருவும் வெளியே வரக்கூடாது என்று கேட்டுக்கொண்டதால் விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய கணவருக்கு 43 வயது. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து இட்லி அவித்து, ஆறரைக்கெல்லாம் சைக்கிளில் கட்டிக்கொண்டு சயான், மாட்டுங்கா பக்கம் விற்கப் போகிறவர். ரத்தக்கொதிப்பு இருந்ததே தெரியாமல் இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, ஒன்றரை வருடம் டயாலிசிஸில் இருந்தார். 14 மாதங்களுக்கு முன் அவருடைய சொந்த அக்கா திருநெல்வேலியிலிருந்து வந்து ஒரு கிட்னி கொடுத்தார். அன்றிலிருந்து டேக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், பிரெட்னிசோலோன் என்று மூன்று மாத்திரை. கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவான கிரியேட்டினின் 1.1-லேயே நிற்கிறது. ஆனால் கை நடுங்குகிறது, மாவு ஊற்றும்போது தட்டுக்கு வெளியே சிந்துகிறது, முடி கொட்டுகிறது, முகம் உப்பிவிட்டது, அடிக்கடி வயிற்றுப்போக்கு, இதுவரை இல்லாத சர்க்கரை வேறு வந்திருக்கிறது. "அக்கா ரத்தம்தானே, கிட்னி செட் ஆயிடுச்சு" என்று சொல்லி இரண்டு மாதமாக வாரத்தில் இரண்டு மூன்று நாள் ராத்திரி மாத்திரையை விட்டுவிடுகிறார். ஊரிலிருந்து பெரியப்பா சீந்தில் பொடியும் அமுக்கராப் பொடியும் அனுப்பியிருக்கிறார், எதிர்ப்பு சக்தி கூடுமாம். எதிர்வீட்டில் மூட்டு வாதத்துக்கு இதே வகை மாத்திரை சாப்பிடும் பெண்மணிக்கு டாக்டரே குறைத்துவிட்டாராம், இவருக்கு மட்டும் ஏன் குறைக்கக்கூடாது என்று கேட்கிறார். மாதச் செலவும் தாங்கவில்லை. டாக்டரிடம் சொன்னால் திட்டுவாரோ என்று பயம், நாத்தனாரிடம் சொல்லவும் மனம் வரவில்லை.

சகோதரி, முதலில் ஒன்று. இன்று மாலையிலிருந்து அவர், டாக்டர் எழுதிக்கொடுத்த அளவு மாத்திரையை, கூட்டாமல் குறைக்காமல், ஒரு வேளையும் விடாமல் போடட்டும். விட்டுப்போனதற்கு ஈடாக இரட்டிப்பாகப் போட வேண்டாம். இந்த வாரத்துக்குள் கிட்னி டாக்டரைப் பார்த்து, இரண்டு மாதமாக விட்டுவிட்டுப் போட்டதை அப்படியே சொல்லுங்கள். மற்றதை எல்லாம் அதற்குப் பிறகு நிதானமாகப் படிக்கலாம்.

அக்கா ரத்தம்தானே?

இந்தக் கேள்வியை நான் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன், கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்ததே இல்லை, ஏனென்றால் பாதி உண்மை அதில் இருக்கிறது. ஒரு சாலில், அதாவது ஒட்டி ஒட்டி வீடுகள் இருக்கும் மும்பைக் குடியிருப்பில், எல்லோருக்கும் எல்லோர் முகமும் தெரியும், புதிதாக ஒருவர் நுழைந்தால் உடனே தெரிந்துவிடும். நம் உடம்பின் வெள்ளை அணுக்களும் அப்படித்தான் ஒவ்வொரு செல்லின் மேலும் இருக்கும் அடையாளத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. அந்த அடையாளத்தை எச்எல்ஏ என்போம். கூடப்பிறந்த இருவருக்கு அது முழுக்க ஒத்துப்போக நான்கில் ஒரு வாய்ப்பு, பாதி ஒத்துப்போக இரண்டில் ஒரு வாய்ப்பு, கொஞ்சமும் ஒத்துப்போகாமல் இருக்கவும் நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. முழுக்க ஒத்துப்போனாலும் கூட வேறு சில சின்ன அடையாளங்கள் மாறித்தான் இருக்கும். அதனால் மாத்திரை வேண்டும்.

மிக அரிதான சிலரைத் தவிர, மாத்திரையே இல்லாமல் ஓடியது ஒரே கருவில் பிறந்த இரட்டையர்களிடம்தான். 1954 டிசம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசஃப் மர்ரே என்ற அறுவை மருத்துவர் செய்த முதல் வெற்றிகரமான கிட்னி மாற்றம் அப்படிப்பட்ட இரட்டைச் சகோதரர்களுக்கு நடந்ததுதான். இரட்டையர் அல்லாதவர்களுக்கும் இது பலிக்க, அசாத்தியோப்ரின் என்ற மருந்து கையில் கிடைத்து 1962 வரை ஆகவேண்டியிருந்தது. உங்கள் நாத்தனார் எவ்வளவு பாசத்தோடு கொடுத்திருந்தாலும், தம்பியின் வெள்ளை அணுக்களுக்கு அந்தக் கிட்னி இன்றும் வெளியாள்தான், 14 மாதத்தில் அது மாறவில்லை, 14 வருடம் ஆனாலும் மாறாது. கிட்னி "செட்" ஆவது என்று ஒன்று கிடையாது. அது அமைதியாக இருப்பது தினம் இரண்டு வேளை மாத்திரை உள்ளே போவதால்.

மூன்று மாத்திரை, மூன்று வேலை

வெளியாளைக் கண்ட டி செல் என்ற வெள்ளை அணு முதலில் செய்வது மற்ற செல்களைக் கூப்பிடுவது. அதற்கு இன்டர்லூகின்-2 என்ற ஒரு ரசாயனத்தைச் சுரக்கிறது. டேக்ரோலிமஸ் அந்தச் செல்லுக்குள் போய் கால்சிநியூரின் என்ற நொதியை அடக்கி, கூப்பிடும் குரலையே எழவிடாமல் செய்கிறது. அதையும் மீறிக் குரல் எழுந்தால் அணுக்கள் பெருக வேண்டும், பெருகுவதற்கான மூலப்பொருளை அவை உண்டாக்கவிடாமல் மைக்கோஃபினோலேட் தடுக்கிறது. பிரெட்னிசோலோன் ஒரு ஸ்டீராய்டு, ஒட்டுமொத்த அழற்சியையும் தணித்து வைக்கிறது. ஒரே மருந்தைப் பெரிய அளவில் கொடுத்தால் பக்கவிளைவு தாங்காது என்பதால்தான் மூன்றையும் அளவாகப் பிரித்துக் கொடுக்கிறோம். ஒன்றை நீங்களாக விட்டால் மற்ற இரண்டின் மேல் பாரம் ஏறும்.

எதிர்வீட்டு அம்மா விஷயம் வேறு. மூட்டு வாதம், லூபஸ், சோரியாசிஸ், குழந்தைகளுக்கு வரும் நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் எல்லாவற்றிலும் இந்த வகை மருந்துகள் உண்டு. அங்கே எதிர்ப்பு ஆற்றல் தவறிப்போய்ச் சொந்த உடம்பையே தாக்குகிறது, அந்தச் சீற்றம் ஏறும், இறங்கும், இறங்கும் காலத்தில் டாக்டர் மருந்தைக் குறைத்துப் பார்ப்பார், திரும்ப ஏறினால் கூட்டுவார். மாற்றுக் கிட்னியில் அப்படி ஓய்வுக்காலம் கிடையாது, வெளியாள் உள்ளேயே இருக்கிறார் அல்லவா.

கிரியேட்டினின் 1.1 என்பதை நம்பி இருக்காதீர்கள்

எனக்கு உங்கள் கடிதத்தில் பெரிய கவலை இதுதான். கிரியேட்டினின் தாமதமாகச் சொல்லும் சாட்சி. கிட்னிக்குள் அழற்சி தொடங்கி, கணிசமான பகுதி கெட்ட பிறகுதான் அந்த எண் ஏறும். மாத்திரையை அவ்வப்போது விடுகிறவர்களிடம் உடம்பு அந்தக் கிட்னிக்கு எதிராகவே எதிர்ப்பொருள்களை உண்டாக்க ஆரம்பிக்கும், இது மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் வலியோ காய்ச்சலோ இல்லாமல் நடக்கும். அப்படி உடம்பு கிட்னியை ஏற்காமல் மெல்ல மெல்லத் தாக்கும் நாள்பட்ட நிராகரிப்புக்கு இன்றுவரை நல்ல சிகிச்சை இல்லை. நெஞ்சு வலிக்கிற இன்னொரு விஷயமும் உண்டு: அந்த எதிர்ப்பொருள்கள் ரத்தத்திலேயே தங்கிவிட்டால், நாளைக்கு வேறு யாராவது கிட்னி கொடுக்க முன்வந்தாலும் பொருந்துவது கடினமாகிவிடும்.

அப்புறம், ரத்தத்தில் டேக்ரோலிமஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் டேக்ரோ லெவல் பரிசோதனை. ஒரு வருடம் தாண்டியவர்களுக்குப் பெரும்பாலான டாக்டர்கள் இதை 5-லிருந்து 8 நானோகிராமுக்குள் வைக்கப் பார்ப்பார்கள், ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். பரிசோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் ஒழுங்காகப் போட்டுவிட்டுப் போனால் லெவல் அழகாக வரும், டாக்டரும் எல்லாம் சரி என்று அனுப்பிவிடுவார். அதனால்தான் வாயால் சொல்லுங்கள் என்கிறேன். சொன்னால் அவர் சிறுநீரில் புரதம், எதிர்ப்பொருள் பரிசோதனை, தேவைப்பட்டால் கிட்னியில் துளி சதை எடுத்துப் பார்க்கும் பயாப்சி என்று தேடிப் பார்ப்பார், ஆரம்பத்திலேயே பிடித்தால் செய்வதற்கு இன்னும் நிறைய இருக்கிறது.

திட்டுவாரா என்று கேட்டீர்கள். ஒருவேளை முகம் சுளிக்கலாம். ஆனால் மாத்திரை விடுவது எங்களுக்குப் புதிதில்லை, பல வருடம் ஓட வேண்டிய கிட்னிகள் பாதியில் போவதற்கு முக்கியமான காரணங்களில் அதுவும் ஒன்று. சொல்லாத நோயாளிக்குத்தான் எங்களால் எதுவும் செய்ய முடியாமல் போகிறது.

பக்கவிளைவுகளை அவர் கற்பனை செய்யவில்லை

நடுக்கம், முடி கொட்டுவது, சர்க்கரை எல்லாம் நிஜம், எல்லாமே இந்த மருந்துகளால் வரக்கூடியவை. இட்லி ஊற்றிப் பிழைக்கிறவருக்குக் கை நடுங்குவது சின்ன விஷயம் இல்லை. "இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்" என்று யாராவது சொல்லி அனுப்பியிருந்தால் அது போதாத பதில், ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் வழி உண்டு.

நடுக்கத்தையும் வயிற்றுப்போக்கையும் சேர்த்துப் பாருங்கள். வயிற்றுப்போக்கு இருக்கும்போது குடலிலிருந்து டேக்ரோலிமஸ் வழக்கத்தைவிட அதிகமாக உள்ளே போய்விடும், லெவல் ஏறும், லெவல் ஏறினால் நடுக்கம் கூடும், கிட்னியும் சிரமப்படும். வயிற்றுப்போக்கை நிறுத்தினாலே நடுக்கம் குறையலாம். மைக்கோஃபினோலேட்தான் காரணம் என்றால் அதே அளவை மூன்று நான்கு வேளையாகப் பிரிக்கலாம், குடலில் போய்க் கரையும்படி பூச்சுப் பூசிய வகைக்கு மாற்றலாம், அதுவும் ஒத்துக்கொள்ளாவிட்டால் அசாத்தியோப்ரின் இருக்கிறது. ஆனால் அதற்கு முன் தொற்று இல்லை என்று உறுதி செய்ய வேண்டும், எதிர்ப்பு ஆற்றலைக் குறைத்து வைத்திருப்பவருக்குச் சைட்டோமெகலோ வைரஸோ ஒட்டுண்ணியோ கூட வயிற்றுப்போக்கைக் கொடுக்கும். நடுக்கம் அப்படியும் நிற்கவில்லை என்றால், ஒரு நாளைக்கு ஒரே வேளை போடும், மெதுவாகக் கரையும் டேக்ரோலிமஸ் சிலருக்கு உதவுகிறது. ரத்தத்தில் மெக்னீசியம் குறைந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

சர்க்கரை டேக்ரோலிமஸாலும் வரும், ஸ்டீராய்டாலும் வரும், இருவருமே இங்கே இருக்கிறார்கள். முகம் உப்புவது ஸ்டீராய்டால், அளவைக் குறைக்கக் குறைக்க வடியும், ஆனால் அதைச் சட்டென்று நிறுத்தினால் உடம்பு சொந்தமாகச் சுரக்கும் கார்டிசோல் கைகொடுக்காமல் ரத்த அழுத்தம் இறங்கி மயங்கி விழும் அபாயம் இருக்கிறது. எலும்பு தேய்வது, கண்ணில் புரை விழுவது இரண்டையும் வருடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். நீண்ட காலத்தில் தோல் புற்றுநோய்க்கும் நிணநீர்ப் புற்றுநோய்க்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. ஆறாத புண், புதிய கட்டி எதையும் காட்டாமல் இருக்கக் கூடாது. இதைப் படிக்கும் பெண் நோயாளிகளுக்கு ஒரு வார்த்தை: மைக்கோஃபினோலேட் கருவைப் பாதிக்கும், குழந்தை வேண்டும் என்று நினைத்தால் குறைந்தது ஆறு வாரம் முன்பே டாக்டர் அதை மாற்றிக் கொடுக்க வேண்டும்.

சீந்தில், அமுக்கரா

பெரியப்பா அன்பால் அனுப்பியிருக்கிறார். சித்த மருத்துவத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் எதிர்ப்பு சக்தி கூடினால் நல்லது என்பது நம் எல்லோர் மனதிலும் பதிந்துபோன விஷயம், கொரோனாவுக்குப் பிறகு இன்னும் அதிகமாக. உங்கள் வீட்டுக்காரருக்கு மட்டும் அது தலைகீழ். அவர் உடம்பில் எதிர்ப்பு சக்தி கூடினால் அது முதலில் பாயப்போவது அக்கா கொடுத்த கிட்னி மேல்தான். அந்தப் பொடி நிஜமாகவே சொன்ன வேலையைச் செய்கிறது என்றால் அதுவே அவருக்கு ஆபத்து.

2020-ல் இதே மும்பையில் சீந்தில் சாப்பிட்ட பிறகு கல்லீரல் அழற்சியோடு வந்த ஆறு பேரைப் பற்றி மருத்துவர்கள் 2021-ல் எழுதினார்கள், எதிர்ப்பு ஆற்றல் சொந்தக் கல்லீரலையே தாக்கிய அடையாளங்கள் அவர்களிடம் இருந்தன. ஆயுஷ் அமைச்சகம் அதை ஏற்கவில்லை, அது சீந்திலாக இல்லாமல் அதே இனத்தின் வேறு கொடியாக இருக்கலாம் என்றது. அந்த விவாதம் எப்படி முடிந்தாலும், பொட்டலத்தில் என்ன கொடி இருக்கிறது என்று உங்களுக்கும் எனக்கும் தெரியாது என்பது அப்படியேதான் இருக்கிறது.

"பொடி இயற்கை, மாத்திரை கெமிக்கல்" என்று அவர் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். டேக்ரோலிமஸ் 1984-ல் ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து கிடைத்தது. மைக்கோஃபினோலேட்டின் மூலம் ஒரு பூஞ்சை, பழைய ரொட்டியில் பூக்குமே, பெனிசிலியம், அந்த இனம். இதே வேலைக்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான சைக்ளோஸ்போரின் நார்வே நாட்டு மண்ணிலிருந்த பூஞ்சையிலிருந்து வந்தது. எல்லாமே இயற்கையில் கிடைத்தவை, ஒரே வித்தியாசம், எத்தனை மில்லிகிராம் உள்ளே போகிறது என்பது நமக்குத் தெரியும், ரத்தத்தில் எடுத்து அளக்கவும் முடியும்.

இன்னும் சில பொருட்களையும் தள்ளி வைக்க வேண்டும். பம்பளிமாஸ், மும்பைச் சந்தையில் பப்பனஸ் என்று விற்பது, டேக்ரோலிமஸ் லெவலை ஏற்றிவிடும். உடம்பு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் கிட்னிக்கு நேரடியாக ஆகாது, பாராசிட்டமால் போதும். கிளாரித்ரோமைசின், ஃப்ளூகோனசோல் லெவலை ஏற்றும். டிபி மருந்தான ரிஃபாம்பிசின் லெவலைத் தரையோடு இறக்கிவிடும், அதனால் இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ, மாலைக் காய்ச்சலோ, எடை குறைவோ வந்தால் கிட்னி டாக்டருக்குத் தெரியாமல் எந்த இடத்திலும் டிபி சிகிச்சை தொடங்கக் கூடாது.

ராத்திரி மாத்திரை ஏன் விட்டுப்போகிறது?

கடிதத்தின் ஓரத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி என் கண்ணில் நின்றது: மூன்று மணிக்கு எழுகிறவர் எட்டு மணிக்கே தூங்கிவிடுகிறார், மாத்திரை நேரமோ ஒன்பது. அவர் வேண்டுமென்று விடுவது பாதி என்றால் தூக்கத்தில் விடுவது பாதி. காலை ஒன்பதுக்கு அவர் தெருவில் சைக்கிளோடு நிற்கிறார். முக்கியமானது இரண்டு வேளைக்கும் நடுவே 12 மணி நேர இடைவெளி, அது ஒன்பது மணியாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. காலை ஐந்து, மாலை ஐந்து என்று மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அடுப்பில் முதல் ஈடு இறங்கும் நேரம், வெறும் வயிறு, சாப்பிட இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும். மாலை ஐந்துக்கு மகள் பள்ளியிலிருந்து வந்திருப்பாள், அவள் கையால் எடுத்துக் கொடுக்கட்டும். ரத்தம் கொடுக்கும் நாளில் மட்டும், ரத்தம் எடுத்த பிறகுதான் காலை டேக்ரோலிமஸ் போட வேண்டும், அதற்கு முந்தைய நாள் மாலை எத்தனை மணிக்குப் போடுவது என்றும் அப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மழைக்காலம் பற்றியும் சொல்ல வேண்டும், தாராவியில் இருப்பவருக்கு அதைச் சொல்லாமல் விட முடியாது. தேங்கிய தண்ணீரில் எலி சிறுநீர் மூலம் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ், நல்ல கிட்னியையே கெடுக்கும். முழங்கால் அளவு தண்ணீரில் சைக்கிள் தள்ள வேண்டிய நாளில் வியாபாரத்தை விட்டுவிடுங்கள். தவிர்க்க முடியாமல் நடந்துவிட்டால் அன்றே டாக்டருக்குப் போன் செய்யுங்கள், தடுப்பு மாத்திரை வேண்டுமா என்று அவர் சொல்வார். காய்ச்சல் 100.4-ஐத் தாண்டினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, கால் வீங்கினாலோ, புதுக் கிட்னி இருக்கும் அடிவயிற்றில் வலித்தாலோ மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம்.

மகளுக்குச் சளி பிடித்தால் அப்பா பக்கத்தில் படுக்காமல், மாஸ்க் போட்டுக்கொண்டால் போதும், குழந்தையை ஒதுக்கி வைக்காதீர்கள். ஃப்ளூ ஊசி வீட்டில் எல்லோரும் வருடாவருடம் போடுங்கள். அவருக்கு உயிருள்ள கிருமி கலந்த தடுப்பூசிகள், அம்மை வகைகள் போல, போடக் கூடாது.

செலவு

செலவுக்காக மாத்திரையை வெட்டுவதைவிட, செலவு தாங்கவில்லை என்று டாக்டரிடம் சொல்வது நல்லது, இது வெட்கப்படும் விஷயமே இல்லை. குறைந்த விலைக் கம்பெனி மாத்திரைக்கு மாறலாம், ஆனால் மாறிய பிறகு லெவல் பார்க்க வேண்டும், அப்புறம் அதே கம்பெனியிலேயே நிற்க வேண்டும். "ஸ்டாக் இல்லை, இதுவும் அதுவும் ஒன்றுதான்" என்று கடைக்காரர் வேறு ஒன்றைக் கொடுத்தால் டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். தில்டியாசெம் என்ற ரத்தக்கொதிப்பு மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்தால் குறைந்த டேக்ரோலிமஸிலேயே தேவையான லெவல் வரும், நம் நாட்டில் சில டாக்டர்கள் செலவைக் குறைக்கவே இதைச் செய்கிறார்கள். அவர் இதயத்தையும் நாடித்துடிப்பையும் பார்த்து டாக்டர் போடும் கணக்கு அது, வீட்டில் செய்து பார்ப்பதில்லை. பெரிய மருத்துவமனைகளில் மருத்துவ சமூகப் பணியாளர் என்று ஒருவர் இருப்பார், ரேஷன் கார்டும் டிஸ்சார்ஜ் சுருக்கமும் மருந்து பில்லும் எடுத்துக்கொண்டு அவரைப் பாருங்கள். எந்த அறக்கட்டளை மருந்துக்கு உதவுகிறது, அரசுத் திட்டத்தில் என்ன கிடைக்கும் என்று அவருக்குத்தான் தெரியும்.

நாத்தனாரிடம் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். முதலில் டாக்டரைப் பார்த்துப் பரிசோதனைகள் கையில் வரட்டும், அதற்குப் பிறகு உங்கள் வீட்டுக்காரரே அக்காவிடம் பேசட்டும், நீங்கள் நடுவில் நின்று சுமக்க வேண்டாம். ஆனால் அதற்கு முன்பே நீங்கள் அவருக்குப் போன் செய்ய ஒரு காரணம் இருக்கிறது, கடிதத்தில் அதைப் பற்றி எதுவுமே இல்லை. ஒரு கிட்னி கொடுத்தவருக்கு வருடம் ஒருமுறை ரத்த அழுத்தம், கிரியேட்டினின், சிறுநீரில் புரதம் மூன்றையும் பார்க்க வேண்டும், வலி மாத்திரைகளை அவரும் தவிர்க்க வேண்டும். 14 மாதம் ஆகிவிட்டது. திருநெல்வேலியில் அவர் ஒருமுறையாவது போய்ப் பார்த்துக்கொண்டாரா என்று இந்த வாரமே கேளுங்கள்.